ஒல்லி உடம்புக்கு ஆயுள் அதிகமா?

கேள்வி: எனக்கு வயது 58. உயரம் 160 செ.மீ., எடை 66 கிலோ. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எடையைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். ஆனால், கொஞ்சம் பூசினாற்போல இருப்பவர்கள்தான் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று படித்தேன். என் அண்ணனுக்கு வயது 63, பீடி பழக்கம் உண்டு. போன வருடம் 55 கிலோ இருந்தவர், இப்போது 48 கிலோ. சாப்பாட்டை ஒன்றும் குறைக்கவில்லை. "என்னை மாதிரி ஒல்லியா இருந்தா நோயே அண்டாது" என்கிறார். எது சரி?

பதில்: அம்மா, உங்களைவிட உங்கள் அண்ணனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே நாங்கள் காரணம் தேடுவோம். உங்கள் அண்ணனுக்குக் கிட்டத்தட்ட 13 சதவீதம் போயிருக்கிறது. இப்படி வருபவர்கள் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டையைக் காட்டி, "தொப்பை போயிடுச்சு டாக்டர்" என்று சந்தோஷமாகச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். சோதித்தால் காசநோய் இருக்கும், அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை இருக்கும். பீடி பிடிப்பவர் என்பதால் நுரையீரல் புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதி செய்தாக வேண்டும். தள்ளிப்போடாமல் இந்த வாரமே அழைத்துப் போங்கள். சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

நீங்கள் படித்ததும் முழுப் பொய் இல்லை. எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உங்களுக்கு அது 25.8. இந்த எண் 25 முதல் 30 வரை உள்ளவர்களிடம் இறப்பு சற்றுக் குறைவு என்று 2013-ல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னது. ஆனால் உள்ளே நோய் இருந்து இளைத்தவர்களும், புகைபிடித்து மெலிந்தவர்களும் அந்தக் கணக்கில் 'ஒல்லியானவர்கள்' பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் கொன்றது நோய். பழி மெலிவின் மேல் விழுகிறது. 2016-ல் லான்செட் இதழில் ஒரு கோடிப் பேருக்கு மேல் அடங்கிய ஆய்வு வந்தது. புகைபிடித்தவர்களையும், ஏற்கெனவே நாள்பட்ட நோய் இருந்தவர்களையும் விலக்கிப் பார்த்தபோது, இறப்பு மிகக் குறைவாக இருந்தது 20-க்கும் 25-க்கும் இடையில்தான். 30-ஐத் தாண்டினால் ஏறத்தாழ 45 சதவீதம் கூடியது.

அப்புறம், நம் சென்னையிலேயே 1998 முதல் 2001 வரை 35 வயதைத் தாண்டிய சுமார் 5 லட்சம் பேரை எடை பார்த்து, பிரஷர் அளந்து, பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். கொஞ்சம் எடை கூடியதால் மட்டும் இறப்பு பெரிதாகக் கூடவில்லை. மெலிந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள், குறிப்பாகக் காசநோயால். உயர் ரத்த அழுத்தமோ தெளிவாக உயிரைக் குடித்தது.

அதனால் உங்களுக்கு முதல் வேலை, பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் இருப்பது. அடுத்து இடுப்பை அளங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, தையல் டேப்பை வயிற்றை இறுக்காமல் சுற்றிப் பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. அதைத் தாண்டினால், ஆறு மாதத்தில் மூன்று கிலோ குறைத்தால் போதும். பிரஷரும் சற்று இறங்கும். பட்டினி வேண்டாம், அதில் தசைதான் கரையும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, சுண்டலோ முட்டையோ சேருங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

அண்ணனின் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.