உப்பு கூடினால் இதயத்துக்கு என்ன ஆகும்?

உப்பு அதிகமானால் இரத்த அழுத்தம் ஏறுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

உப்பில் உள்ள சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவு கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுப் படுத்தால், நடுராத்திரியில் நாக்கு வறண்டு எழுந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறோமே, அது சோடியம் கேட்கும் தண்ணீர். அது சேரச் சேர இரத்தத்தின் அளவு கூடி, குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. ஒருநாள் என்றால் சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தமனிகள் நெகிழ்வை இழந்து விறைக்கின்றன. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகிறது. பக்கவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்கான ஆபத்து இப்படித்தான் வளர்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாயை அள்ளிப் போட்டுக்கொண்டால் பயனே இல்லை. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். தயவுசெய்து அதை நம்பித் தாராளமாகப் போடாதீர்கள். பொட்டாசியம் கலந்த உப்பு அழுத்தத்தைக் குறைக்க உதவும். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.