கியூப பேஸ்பால் வீரர் ஓரெஸ்டெஸ் கிண்டெலானின் 487 ஹோம் ரன்களை (பெரும்பாலும் பந்தை மைதான வேலிக்கு வெளியே அடித்து எடுப்பது) எப்படி மதிப்பிடுவது? அலுமினிய பேட்டால் வந்த எண்தானே?

அலுமினியம் உதவியது உண்மை. ஆனால் அதோடு கணக்கை முடித்தால் தவறு.

முதலில் ஆட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். அமெரிக்க மேஜர் லீகில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். கிண்டெலான் உச்சத்தில் இருந்த 1980களின் பிற்பாதியில் கியூப தேசியத் தொடரில் ஓர் அணிக்கு 48 ஆட்டம்தான். அதற்குப் பின் வரும் செலக்டிவ் தொடரை (சிறந்த வீரர்களைத் திரட்டிய சில அணிகளின் தொடர்) சேர்த்தாலும் மேஜர் லீக் சீசனை எட்டாது. 487 என்பது இரண்டு தொடர்களும் சேர்ந்த எண். சாண்டியாகோ டி கூபாவுக்காக 21 சீசன், அடி சராசரி .313 (நூறு வாய்ப்பில் சுமார் 31 ஹிட்), அவர் அடியால் வந்த ரன் 1,511. கியூபாவின் மற்ற பெரிய அடிப்பவர்களான லாசரோ ஹுங்கோ எடுத்த ஹோம் ரன் 405, ஓமர் லினாரெஸ் 404. இவர்கள் கையிலும் பெரும்பாலும் அதே அலுமினிய பேட்தான். எண்பதுக்கும் மேல் இடைவெளியை பேட் தலையில் கட்ட முடியாது.

இப்போது பேட். கியூபாவில் 1977 முதல் 1999 வரை அலுமினியம். உள்ளே வெற்றிடமாக இருப்பதால் பந்து பட்டதும் சுவர் லேசாக அமுங்கித் திரும்பத் தள்ளும். பந்து அதிகம் நசுங்காது, வேகம் வீணாகாது. இதைவிடப் பெரிய விஷயம் பந்தை எறியும் பிட்சருக்கு நேர்ந்தது. உடலை ஒட்டி உள்ளே எறிந்த பந்து கைப்பிடிப் பக்கம் பட்டால் மர பேட் முறியும், பந்து சொத்தையாக விழும். அலுமினியம் முறியாது, அதே பந்து உள்வட்ட வீரர்களின் தலைக்கு மேல் போய் விழும். அதனால் உள்ளே எறியவே பிட்சர்கள் தயங்கினார்கள். வெளிப்பக்கப் பந்துதான் வரும் என்று தெரிந்தால் அடிப்பவர் கையை முழுசாக நீட்டிக் காத்திருக்கலாம். கிண்டெலானுக்கு இது வரம்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 9 ஹோம் ரன் அடித்தார். அதில் ஒன்று 521 அடி போனதாகச் சொல்வார்கள். அந்தத் தூரத்தை மர பேட் தூரத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

1999இல் மர பேட் திரும்பியபோது அவருக்கு வயது சுமார் 35. அதன் பிறகும் சாண்டியாகோ 2000, 2001இல் பட்டம் வென்றபோது அணியில் இருந்தார். 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதியில் மட்டும் அமெரிக்க பிட்சர் பென் ஷீட்ஸ் கியூபாவை ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை, 4-0.

அவர் மேஜர் லீகில் ஏன் ஆடவில்லை? 1960களின் தொடக்கத்திலேயே கியூபா தொழில்முறை விளையாட்டை ஒழித்துவிட்டது. அங்கே போய் ஆட நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், அவர் வெளியேறவில்லை. கடைசியில் 2002இல் அரசின் அனுமதியோடு ஜப்பானின் ஷிடாக்ஸ் நிறுவன அணிக்குப் போனார்.

கியூப எண்ணுக்கு வெளியே மதிப்பு உண்டா என்று பார்க்க கியூபாவிலிருந்து மேஜர் லீகுக்குப் போன ஹோசே அப்ரேயுவை எடுத்துக்கொள்ளலாம். 2010-11இல் கியூபாவில் அவர் அடித்தது 33 ஹோம் ரன். 2014இல் சிகாகோவில் முதல் சீசனிலேயே 36. ஆனால் இரண்டுமே மர பேட். கிண்டெலானுக்கு அந்தச் சோதனை நடக்கவே இல்லை. அதனால் 487ஐ மேஜர் லீக் எண்ணாக மாற்றிக் காட்டும் எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை.