டெவ் கிளஸ்டர் போட எந்த கிளவுட் சுலபம்?

கேள்வி, டெவலப்மென்ட்டுக்கு மட்டும் ஒரு குபர்நெட்டீஸ் கிளஸ்டர் (கன்டெய்னர்களில் ஆப்களை ஓட்டும் மெஷின்களின் கூட்டம்) எந்த கிளவுடில் சுலபமாகப் போடலாம் என்பது. போடுவது எல்லாவற்றிலும் சுலபம்தான். அதை முழுதாக நீக்குவதுதான் பெரும்பாடு, டுடோரியல்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

நீங்கள் சின்ன டீம், பில்லை மேலே வேறு யாரோ பார்க்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நான் முன்பு இருந்த டீமும் அப்படித்தான். அங்கே ஒருவர் டெவ் கிளஸ்டரை கன்சோலில் நேரே டெலிட் செய்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கிளஸ்டர் போனது, பில் போகவில்லை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் (ஆப்பை அடையும் நெட்வொர்க் முகவரி) வெளி டிராஃபிக்கை வாங்கிப் பிரித்து அனுப்பும் லோட்பேலன்சர் டைப் கொடுத்திருந்ததால் கிளவுடில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லோட்பேலன்சர் நின்றது. அவற்றை நீக்க வேண்டிய கன்ட்ரோலரை, அதாவது கிளஸ்டரோடு ஓடும் புரோகிராமை, முதலிலேயே கொன்றுவிட்டால் யார் வந்து நீக்குவார்கள்? பிவிசி-க்காக (ஆப் கேட்கும் ஸ்டோரேஜ்) உருவான டிஸ்குகளும் அப்படியே கிடந்தன, உள் மெஷின்களை இன்டர்நெட்டுக்கு விடும் நாட் கேட்வே ஒன்று வேறு மணிக்கு இவ்வளவு என்று பில் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. டேக் பார்த்து, ஒவ்வொன்றும் யாருடையது என்று விசாரித்து, எல்லாவற்றையும் எடுத்தது நான். அப்ரைசலில் பாராட்டு கிளஸ்டர் போட்டவருக்குத்தான், எனக்குக் கிடைத்தது "இதற்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்ற கேள்வி. சரி, அதை விடுங்கள்.

அதனால் முதலில் சர்வீஸ், இன்கிரஸ் (வெளி வெப் டிராஃபிக்குக்கான வழி விதிகள்), பிவிசி எல்லாவற்றையும் நீக்கி, கன்சோலில் லோட்பேலன்சரும் டிஸ்கும் மறைந்ததைப் பார்த்த பிறகே கிளஸ்டரில் கை வையுங்கள்.

காசு என்று பார்த்தால், கிளவுட் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் மேனேஜ்டு குபர்நெட்டீஸ் சேவைகளில், அஷூரின் ஏகேஎஸ் ஃப்ரீ டியரில் கிளஸ்டரை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேனுக்குக் கட்டணம் இல்லை. கூகுளின் ஜிகேஇ-யிலும் அமேசானின் இகேஎஸ்-இலும் கிளஸ்டருக்கு மணிக்கு 10 சென்ட், ஜிகேஇ-யில் ஒரு சோனல் கிளஸ்டர் (ஒரே டேட்டா சென்டர் பகுதியில் ஓடுவது) அளவுக்கு மாதாந்திரக் கிரெடிட் உண்டு. இகேஎஸ்-இல் வெர்ஷனை அப்கிரேட் செய்யாமல் விட்டு, அது பழைய வெர்ஷன்களுக்கான எக்ஸ்டெண்டட் சப்போர்ட்டுக்குள் போய்விட்டால் அந்த 10 சென்ட் 60 ஆகிவிடும். யாரும் திரும்பிப் பார்க்காத டெவ் கிளஸ்டர்தான் பெரும்பாலும் இதில் மாட்டும். இன்னொன்று, இகேஎஸ்-இல் டி3 மீடியம் அளவு நோடில் (கிளஸ்டரின் ஒரு மெஷின்) டீஃபால்டாக 17 பாட்தான் (ஓடும் ஆப்பின் ஒரு பிரதி) போகும், மெமரி மிச்சமிருந்தாலும் அடுத்தது பெண்டிங்கில் நிற்கும்.

என்னைக் கேட்டால் ஒரே ஒரு விஎம் (கிளவுடில் வாடகை மெஷின்) எடுத்து கே3எஸ் என்ற இலகுவான குபர்நெட்டீஸ் போடுங்கள். லோட்பேலன்சர் டைப் கொடுத்தாலும் அது அந்த விஎம்-இன் ஐபியையே பயன்படுத்தும், டேட்டா வைக்கும் வால்யூமும் அதன் டிஸ்கிலேயே உட்காரும், ஆக விஎம்-ஐயும் டிஸ்கையும் நீக்கினால் கதை முடிந்தது. "ஹை அவைலபிலிட்டி (ஒரு மெஷின் விழுந்தாலும் ஓடுவது) எங்கே?" என்று கீழே கமெண்டில் கேட்க வருகிறவர்களுக்கு: கேட்டது டெவ் கிளஸ்டர், ப்ரொடக்ஷன் இல்லை. மேனேஜ்டு சேவைகள் மேல் எனக்குப் பகையும் இல்லை. உங்கள் பாட்கள் கிளவுடின் ஐஏஎம் ரோலை (கிளவுட் சேவைகளைத் தொட அனுமதி தரும் அடையாளம்) நம்பி ஓடுகின்றன என்றால் மேனேஜ்டு கிளஸ்டர்தான் சரி, கே3எஸ்-இல் அதைச் சோதிக்க நிறைய மெனக்கெட வேண்டும். அப்புறம் விஎம்-இல் குபர்நெட்டீஸைக் கட்டுப்படுத்தும் 6443 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள், உங்கள் ஐபிக்கு மட்டும் விடுங்கள்.