மறதிநோயும் மாரடைப்பும்: மரபணு எவ்வளவு சொல்கிறது?

கேள்வி: ஐயா, என் தாய்க்கு அல்சைமர் என்னும் மறதிநோய். பரிசோதனையில் எனக்கு ஏபிஓஇ (APOE) மரபணுவின் இ4 வகை ஒரு பிரதி இருப்பதாக வந்திருக்கிறது. எனக்கும் அந்த நோய் வந்தே தீருமா?

பதில்: இல்லை அம்மா. அதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு மற்றதைப் படியுங்கள். 19ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவருக்கும் இதில் இரண்டு பிரதிகள். இ2, இ3, இ4 என்று மூன்று வகைகள். 299 அமினோ அமிலங்களில் இரண்டே இடங்களில்தான் இவற்றுக்குள் வேறுபாடு. இ4க்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பை 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. ஒரு பிரதி இருந்தால் ஏறத்தாழ 3 மடங்கு, இரண்டு இருந்தால் 8 முதல் 12 மடங்கு ஆபத்து என்பார்கள். அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்ட கணக்கு. எல்லா மக்களுக்கும் அதே அளவில் பொருந்துவதில்லை. இ4 இருந்தும் கடைசிவரை நினைவு தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. இ4 இல்லாமலே அல்சைமர் வந்தவர்களும் ஏராளம்.

கேள்வி: இதே மரபணு இதயத்தையும் தொடுமா?

பதில்: தொடும். இ4 கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைச் சற்று உயர்த்துகிறது; இ2 குறைக்கிறது. ஆனால் இ2 எப்போதும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு இ2 பிரதிகள் உள்ளவர்களில் சிலருக்கு, நீரிழிவோ தைராய்டு குறைபாடோ சேரும்போது, கொழுப்பின் மிச்சங்கள் இரத்தத்தில் தேங்கும். உள்ளங்கை ரேகைகள் மஞ்சளாகத் தெரிந்தால் மருத்துவர் இதைத்தான் சந்தேகிப்பார்.

கேள்வி: என் பிள்ளைகளுக்கு ஏபிஓஇ பரிசோதனை செய்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். விடை தெரிந்தாலும் அந்த வயதில் அதற்கென்று செய்ய எதுவும் இல்லை. கவலை மட்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2007இல் தம் மரபணுத் தொகுதி முழுவதையும் வெளியிட முன்வந்த, டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே இந்த ஒரு மரபணுவை மட்டும் மறைக்கச் சொன்னார். லெக்கனிமாப் போன்ற புதிய அல்சைமர் மருந்தைத் தொடங்கும் நோயாளியின் நிலை வேறு. இரண்டு இ4 உள்ளவர்களுக்கு மூளையில் வீக்கமும் கசிவும் ஏற்படும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அந்த மருந்தைத் தொடங்கும் முன் பரிசோதனை தேவை.

கேள்வி: தெற்காசியர்களிடம் மட்டும் அதிகம் காணப்படும் மாறுபாடு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. இதயத் தசையின் ஒரு புரதத்தை உருவாக்கும் எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை. தெற்காசியர்களில் 100க்கு 4 பேரிடம் இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வு கூறியது. இது இதயத் தசை நோயோடு தொடர்புடையது, மாரடைப்போடு அன்று. இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை.

கேள்வி: அப்பா 42 வயதில் மாரடைப்பில் இறந்தார். எனக்கு வயது 30, எல்டிஎல் 230. எண்ணெயைக் குறைத்தால் போதுமா?

பதில்: போதாது தம்பி. தயவுசெய்து இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கேள்விதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. இது பரம்பரைக் கொலஸ்ட்ரால் மிகைப்பாக இருக்கலாம்; ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உள்ளது. கல்லீரல் செல்லின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இவர்களுக்குக் குறைவு. அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் உயர்ந்திருப்பதால் இளம் வயதிலேயே இரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன.

இதற்கு நேர் எதிரான மாறுபாடும் உண்டு. மேலே சொன்ன ஏற்பிகளைக் குறைக்கும் பிசிஎஸ்கே9 மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்து பிறந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரின் எல்டிஎல் 28 சதவீதமும், இதயக்குழாய் நோய் 88 சதவீதமும் குறைவாக இருந்ததை 2006இல் கண்டார்கள். அதைப் பின்பற்றி வந்த ஊசி மருந்துகள் இன்று கிடைக்கின்றன. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அதற்கும் முன்பே இருக்கிறது. நோய் உறுதியானால் உங்கள் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கொலஸ்ட்ரால் பார்த்தாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிள்ளைகளுக்கு 10 வயதுக்குள்ளேயே பார்த்துவிடுங்கள்.