மாரிக்கு முன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: வெள்ளக் காப்புறுதி, கேள்வி – பதில்

வீட்டுக் காப்புறுதி பற்றி வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விசயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வங்கிக் கடன் எடுத்து வீடு திருத்தியபோது அவர்களே காப்புறுதியும் போட்டுத் தந்தார்கள். 2018 மார்கழியில் வந்தது மாதிரி வெள்ளம் வந்தால் காசு கிடைக்குமா?
– வாசகர், முரசுமோட்டை

பத்திரத்தைப் பார்க்காமல் ஆம் என்று சொல்ல முடியாது. வீட்டுக் காப்புறுதியின் அடிப்படை தீக் காப்புறுதிதான். புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் பெரும்பாலும் அதன்மேல் கூடுதல் கட்டுப்பணம் கட்டிச் சேர்ப்பவை. கடனுக்காகப் போடும்போது கட்டுப்பணம் குறையட்டும் என்று தீயோடு விட்டுவிடுவதும் உண்டு. உங்கள் பெயர், முகவரி, தொகை இருக்கிற அட்டவணைப் பக்கத்தை எடுங்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் 'ஃபிளட்' என்ற சொல் அந்தப் பக்கத்திலோ, அதோடு இணைத்த தாளிலோ இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கொண்டு தேடுவியுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் வெள்ளத்துக்குக் காப்பு இல்லை.

இன்னொன்று: வங்கி போட்ட காப்புறுதியில் இழப்பீட்டின் முதல் உரிமை வங்கிக்கு. கட்டடத்துக்கு மட்டும் போட்டிருந்தால் கட்டில், அலுமாரி, பிறிட்ஜ் எதற்கும் சதமும் வராது. வீட்டுப் பொருட்களுக்குத் தனித் தொகை எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சத்தில் கட்டியது. பிறகு விறாந்தையும் இரண்டு அறையும் சேர்த்தோம். எவ்வளவு தொகைக்குக் காப்புறுதி செய்ய வேண்டும்?
– வாசகி, கண்டாவளை

அன்று கிடைத்த 5,50,000 ரூபாவை மறந்துவிடுங்கள். காணியின் விலையும் வேண்டாம். வெள்ளம் காணியைக் கொண்டுபோகாது. இன்று அதே வீட்டை அத்திவாரத்திலிருந்து திரும்பக் கட்ட எவ்வளவு செலவு முடியும் என்பதுதான் கணக்கு. சுவரின் வெளி அளவை எடுத்துச் சதுர அடியைக் கணக்கிட்டு, உங்கள் ஊர் மேசன் இன்று சொல்லும் சதுர அடி விலையால் பெருக்குங்கள். மதில், கிணற்றுக் கட்டு, வெளிக் கழிவறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுவியுங்கள். எழுதாதது வீட்டோடு சேராது.

தொகையைக் குறைத்துப் போட்டால் கட்டுப்பணம் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அடி விழுவது அங்கேதான். 800 சதுர அடி வீடு, சதுர அடி 7,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். திரும்பக் கட்ட 60 இலட்சம். நீங்கள் போட்டது 20 இலட்சத்துக்கு. வெள்ளத்தில் 9 இலட்சம் சேதம். '20 இலட்சத்துக்குள்தானே, முழுதும் வரும்' என்று நினைப்பீர்கள். வராது. மூன்றில் ஒரு பங்குக்கே காப்புறுதி செய்திருப்பதால் சேதத்திலும் மூன்றில் ஒரு பங்கு, 3 இலட்சம்தான் கணக்கு. மிச்சம் மூன்றில் இரண்டுக்கு நீங்களே காப்புறுதியாளர் என்பது பத்திரங்களில் வழமையாக இருக்கும் நிபந்தனை. அதிலும் பத்திரத்தில் 'எக்சஸ்' (சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) நூற்றுக்குப் பத்து என்று இருந்தால் இன்னும் 30,000 கழியும். கைக்கு வருவது 2,70,000 ரூபா.

சாமான் விலை ஏறும் நாட்டில் இந்தத் தொகையை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது திருத்த வேண்டும். முகவர் பழைய தொகையையே பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்து வைக்காதீர்கள்.

குளத்தின் வான்கதவைத் திறந்ததால் வந்த வெள்ளத்தை இயற்கை வெள்ளமாக எடுப்பார்களா?
– வாசகர், பன்னங்கண்டி

எடுப்பார்கள். வழமையான வாசகத்தில் வெள்ளம் என்பது இயற்கையானதோ செயற்கையானதோ ஒரு நீர்வழி நிரம்பி அல்லது திசைமாறிப் பாய்வதும், கட்டடத்துக்கு வெளியிலிருந்து தண்ணீர் வந்து தேங்குவதும் ஆகும். இரணைமடுக் குளத்தின் கதவு திறந்து கனகராயன் ஆறு கரை மேவினாலும், வாய்க்கால் உடைத்தாலும், மழை பெய்தே வளவு நிரம்பினாலும் அதற்குள் அடங்கும். கதவை நேரத்துக்குத் திறந்தார்களா என்பது வேறு வழக்கு; உங்கள் இழப்பீட்டுக்கு அது தடையல்ல.

ஓட்டுக்கால் ஒழுகிய மழையும் சுவரில் ஊறிவந்த ஈரமும் வேறு. அவற்றைப் பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள்.

காணிக்கு உறுதி இல்லை, பெர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) தான். காப்புறுதி செய்யலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

செய்யலாம். வீடு அழிந்தால் நட்டம் உங்களுக்கு என்று காட்டினால் போதும். பெர்மிட் பிரதி, கிராம அலுவலரின் வதிவுக் கடிதம், மின்கட்டணச் சிட்டை ஆகியவற்றைக் கொடுங்கள். பெர்மிட் இறந்துபோன தகப்பனாரின் பெயரில் இருந்தால் பின்னுரித்து மாற்றத்தை முதலில் முடியுங்கள். இழப்பீட்டுக் காசோலை எழுதும் நேரத்தில் 'யார் உரித்தாளர்' என்ற கேள்வி வந்தால் மாதக்கணக்கில் இழுபடும்.

வெள்ளம் வடிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். சேற்றைக் கழுவ முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையின் பக்கத்தில் அளவுநாடாவைத் தரையிலிருந்து நேராகப் பிடித்து, எண் தெரிய ஒவ்வொரு அறையிலும் ஒரு படம். ஆயிரம் வார்த்தை எழுதுவதைவிட 'குசினியில் 2 அடி 7 அங்குலம்' என்று தெரியும் அந்தப் படத்துக்குப் பலம் அதிகம்.

அதே நாளில் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து இழப்பீட்டுக் கோரிக்கை இலக்கத்தை வாங்குங்கள். பிறகு எழுத்திலும் கொடுங்கள். கிராம அலுவலரிடம் திகதி போட்ட கடிதம் எடுங்கள். நனைந்த மெத்தை, பிறிட்ஜ், ரிவி எதையும் நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்க முன் எறியாதீர்கள். கிருமி, நாற்றம் காரணமாக எறிந்தே ஆகவேண்டும் என்றால் படம் எடுத்து, மெத்தையில் ஒரு துண்டு வெட்டி, பிறிட்ஜின் தொடர் இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேசனிடம் வாங்கும் மதிப்பீடு 'வீடு திருத்த 9 இலட்சம்' என்று ஒற்றை வரியில் இருக்கக் கூடாது. பூச்சு இத்தனை சதுர அடி, கதவு நிலை இத்தனை, பிளக் இத்தனை என்று பிரித்து எழுதுவியுங்கள்.

பலர் ஏமாறுவது பூச்சில். தண்ணீர் வடிந்த கிழமை சுவர் சரியாகத்தான் இருக்கும். காய்ந்தபிறகு விரல் மடித்துத் தட்டிப் பாருங்கள். பூச்சு கழன்ற இடம் பொள்ளென்று கேட்கும். கதவு நிலை ஊதுவதும், நிலத்துக்குக் கீழ் மண் அரித்துத் தரை இறங்குவதும் பிந்தித்தான் தெரியும். ஆகவே 'முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். பிந்தித் தெரிந்த சேதத்தை எழுத்தில் கொடுத்துத் திரும்பப் பார்வையிடக் கேளுங்கள்.

தொகையில் உடன்பாடு இல்லையென்றால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் தலைமையகத்துக்கும், பிறகு கொழும்பிலுள்ள, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் முறையிடலாம்.

அண்ணா கனடாவில். அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. காப்புறுதி செல்லுமா?
– வாசகர், வவுனியா

பூட்டிக் கிடப்பதை முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லி, அவர்கள் ஏற்றுப் பத்திரத்தில் குறித்திருந்தால் செல்லும். பல பத்திரங்களில் தொடர்ந்து 30 நாள் ஆளில்லாத வீட்டுக்குக் காப்பு நின்றுவிடும். மாதம் ஒருமுறை போய்க் கூட்டுவது குடியிருப்பு ஆகாது.

அரசாங்கமே காப்புறுதி செய்திருக்கிறது, நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?
– பலர்

2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக ஆரம்பித்த இயற்கை அனர்த்தத் திட்டத்தைத்தான் கேட்கிறீர்கள். வீட்டுக்காரர் கட்டுப்பணம் கட்டாத அந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கான உச்சவரம்பு 25 இலட்சம் ரூபா என்று அறிவிக்கப்பட்டது. உச்சவரம்பு என்றால் எல்லோருக்கும் அந்தத் தொகை என்று அர்த்தமில்லை. தொகையும் நிபந்தனையும் சுற்றறிக்கையோடு மாறும் என்பதால், வெள்ளம் வந்தால் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் பதிந்து, அப்போது நடைமுறையிலுள்ளதைக் கேளுங்கள். தனியார் காப்புறுதியும் இருந்தால் இரண்டு இடத்திலும் அதை மறைக்காதீர்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு முறை முழுத்தொகை எடுக்க முடியாது.

நெல் மூட்டை, தண்ணீர்ப் பம்பி, மோட்டார் சைக்கிள்?
– வாசகர், துணுக்காய்

விற்பனைக்கு அடுக்கிய நெல் வீட்டுப் பொருள் அல்ல. தனியாக எழுத வேண்டும். வயலில் நிற்கும் பயிருக்கு கமநலக் காப்புறுதி வேறு. பம்பியைப் பட்டியலில் குதிரைவலுவோடு எழுதுவியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி (மற்றவருக்கு வரும் சேதத்துக்கானது) மட்டுமுள்ள மோட்டார் சைக்கிளுக்கு வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. முழுக் காப்புறுதி இருந்தாலும், மூழ்கிய சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ரொட் வளையலாம், அந்தச் சேதம் வெள்ளத்தால் வந்ததல்ல, ஸ்டார்ட் பண்ணியதால் வந்தது என்று எழுதிவிடுவார்கள். தள்ளிக்கொண்டே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.