60 விசிட்டிங் கார்டு வாங்கியும் ஒன்றும் நடக்கவில்லையா?

முதல் அஃபிலியேட் (நம் லிங்க் வழியாகப் பிற நிறுவனத்தின் பொருள் விற்றால் கமிஷன் வாங்கும் தொழில்) மாநாட்டில் 60 கார்டு வாங்கி வந்தும் ஒருவர்கூடப் பதில் போடவில்லை, அடுத்ததற்குப் போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். ஆனால் அரங்கைச் சுற்றிச் சுற்றி வந்தே ஆள் பிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். நானும் முதல் தடவை கால் வலியோடுதான் திரும்பினேன்.

மாநாட்டுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, நீங்கள் ஏற்கெனவே லிங்க் போடும் நிறுவனங்களின் அஃபிலியேட் மேனேஜர்களுக்கு எழுதி, அங்கே சந்திக்க 15 நிமிடம் கேளுங்கள். அவர்களிடம் உங்கள் கணக்கு இருக்கிறது; பேச்சை அறிமுகத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எத்தனை கிளிக், எத்தனை விற்பனை, எத்தனை ரத்து என்று மூன்று மாத விவரம் போனில் தயாராக இருக்கட்டும். "கமிஷனைக் கூட்டுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள். உங்கள் லிங்கைக் கிளிக் செய்தவர் எத்தனை நாளுக்குள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் என்பது குக்கீயின் ஆயுளைப் பொறுத்தது. அதனால் "குக்கீ 7 நாளில் முடிகிறது, என் வாசகர்கள் யோசித்து வாங்குபவர்கள், 30 நாளாக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே வேறு மாதிரி போகும்.

லாஸ் வேகாஸில் நடக்கும் அஃபிலியேட் சம்மிட் வெஸ்ட்டில் நிறுவனங்கள் மேசை போட்டு உட்காரும் மீட் மார்க்கெட் போன்ற இடங்களுக்குக் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். மேடைப் பேச்சு ஒன்றிரண்டு தவறினால் பரவாயில்லை.

அப்புறம், கார்டு வாங்கியதும் பின்பக்கத்தில் என்ன பேசினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றிரவே அனுப்பும் மெயில் அந்த வரியிலிருந்து தொடங்கட்டும். போன தடவை எல்லாருக்கும் ஒரே மெயிலையா அனுப்பினீர்கள்?