எல்லா மதங்களும் உலக முடிவைச் சொல்கின்றன என்றால், அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் இரண்டு செய்திகளைச் சேர்த்தே வைத்திருக்கிறார். உலகம் அழியும் என்று எல்லா மதங்களும் ஒரே குரலில் சொல்லும்போது அதை எப்படி மறுப்பது என்பது ஒன்று. அவருடைய சித்தி ஒரு போதகர் குறித்துக் கொடுத்த தேதியை நம்பி, பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்கிறார், அவரிடம் என்ன பேசுவது என்பது மற்றொன்று. நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவன். 2012 டிசம்பரில், மாயன் நாட்காட்டியின்படி 21ஆம் தேதி உலகம் முடிந்துவிடும் என்று கேள்விப்பட்ட ஒரு மாணவி, அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு என்னிடம் வந்து, உண்மையான அச்சத்துடன் அதைப் பற்றிக் கேட்டாள். அதன் பிறகுதான் இந்தப் பொருளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இரண்டாவது கேள்வியில் ஒருவருடைய வாழ்வாதாரமே அடங்கியிருப்பதால், அதற்கு விடை சொல்லும் நோக்கத்தோடுதான் முதல் கேள்வியையும் எடுத்துக்கொள்கிறேன்.

மதங்கள் ஒரே குரலில் சொல்லவில்லை என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். புராணக் கணக்கின்படி கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டுகள், அது கி.மு. 3102இல் தொடங்கியது என்பது மரபு. அப்படியானால் ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளே கழிந்திருக்கின்றன, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் மீதம் இருக்கின்றன. சம்பலம் என்ற ஊரில் விஷ்ணுயசஸ் என்பவரின் மகனாகக் கல்கி தோன்றுவார் என்று பாகவதம் சொல்வதும் உலகத்தின் இறுதியைக் குறித்தன்று. அதன் பின் மீண்டும் கிருத யுகம் பிறக்கும் என்றே அது முடிகிறது. 432 கோடி ஆண்டுகள் கொண்ட பிரம்மாவின் ஒரு பகல் முடிந்து பிரளயம் வந்தாலும், இரவு கழிந்ததும் படைப்பு மறுபடி தொடங்கும். நம் சீர்காழிக்குத் தோணிபுரம் என்று பெயர் வந்த கதையிலும், கும்பகோணத்தில் அமுதக் குடம் மிதந்து வந்து தங்கிய கதையிலும், பிரளயம் இனி வரப்போகும் ஒன்றாக இல்லாமல், வந்துபோன ஒன்றாக, ஊர் அதற்குத் தப்பி நின்றதாகவே சொல்லப்படுகிறது.

பௌத்த மரபில், தீக நிகாயம் என்ற தொகுப்பில் உள்ள சக்கவத்தி சீகநாத சுத்தம் என்ற உரை சொல்வது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அறம் தேயத் தேய மனிதரின் ஆயுள் குறைந்துகொண்டே வந்து பத்து ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். அப்போது ஏழு நாட்கள் மனிதர் ஒருவரையொருவர் விலங்காகக் கண்டு, வாளெடுத்து வெட்டிக்கொள்வார்கள். கொல்லவும் மாட்டோம், கொல்லப்படவும் மாட்டோம் என்று காட்டிலும் புதர்களிலும் ஒளிந்துகொண்ட சிலர், ஏழு நாள் கழித்து வெளியே வந்து, எதிர்ப்படுவோரைக் கட்டித் தழுவி, "நீ உயிரோடு இருக்கிறாய்" என்று மகிழ்ந்து, இனி உயிர்க்கொலை செய்வதில்லை என்று உறுதி பூணுவார்கள். அங்கிருந்து ஆயுள் மறுபடி வளர்ந்து 80,000 ஆண்டுகளை எட்டும்போதுதான் அடுத்த புத்தரான மைத்திரேயர் வருகிறார். ஈரானின் சொராஸ்டிரிய மரபிலோ, இறுதியில் உருகிய உலோகம் ஆறாகப் பூமியெங்கும் ஓடும். தீயோரை அது சுடும், நல்லோருக்கு வெதுவெதுப்பான பாலில் நடப்பதுபோல் இருக்கும். அதன்பின் உலகம் தூய்மையடைந்து நிலைக்கும். வட ஐரோப்பாவின் நார்டிக் மக்கள் சொல்லும் ரக்னரோக் என்ற இறுதிக் கதையில், இடையில் கோடையே இல்லாத மூன்று குளிர்காலங்கள் வந்து, ஒடின் என்ற தலைமைக் கடவுளையே ஓநாய் விழுங்கிவிடும். ஆயினும் ஓர் ஆணும் பெண்ணும் காட்டில் மறைந்து தப்பிப் புதிய தலைமுறையைத் தொடங்குவார்கள். யூத, கிறித்தவ, இஸ்லாமிய மரபுகள் மூன்றிலும் உயிர்த்தெழுதல், நியாயத் தீர்ப்பு என்ற ஒரே கட்டமைப்பு இருப்பது உண்மைதான். ஆனால் அவை ஒரே நிலப்பகுதியில், ஒன்றையொன்று அறிந்து வளர்ந்தவை. ஆகையால் அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிக் கூட்டுவது முறையாகாது. அந்த மாணவி அஞ்சிய மாயன் கணக்கைப் பொறுத்தவரை, 13 பக்தூன்கள், அதாவது 18,72,000 நாட்கள் கொண்ட ஒரு சுற்று நிறைவடைந்தது, அவ்வளவே. பாலென்கே நகரத்துக் கல்வெட்டொன்று, தங்கள் மன்னர் பாகால் அரியணையேறியதை நினைவுகூரும் ஒரு நாளை கி.பி. 4772இல் குறித்து வைத்திருக்கிறது. 2012இல் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பியவர்கள் அப்படிப் பொறித்திருக்க மாட்டார்கள்.

தேதி குறிப்பதை வேதங்களே விலக்கியிருக்கின்றன என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர வேறொருவரும் அறியார், குமாரனும் அறியார் என்று மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார். அந்த வேளையைப் பற்றிய அறிவு இறைவனிடம் மட்டுமே இருக்கிறது என்று குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் நபிகளிடமே சொல்லச் சொல்கிறது. முடிவைக் கணக்கிடுவோரின் எலும்புகள் நொறுங்கட்டும் என்று யூதர்களின் தல்மூத் சபிக்கிறது. குறித்த காலம் வந்தும், யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பரான மெசியா வராவிட்டால், இனி வரவே மாட்டார் என்று மக்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்களே என்பது அந்தக் கோபத்துக்குக் காரணம். இன்னும் வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. நீ மரக்கன்றைக் கையில் வைத்திருக்கும்போது மெசியா வந்துவிட்டார் என்று யாரேனும் சொன்னால், முதலில் கன்றை நட்டுவிட்டு, பிறகு அவரை வரவேற்கப் போ என்பது யோகனான் பென் சக்காய் என்ற யூத ஆசான் சொன்னதாக வழங்கும் வாக்கு. உங்களில் ஒருவர் கையில் பேரீச்சங்கன்று இருக்கும்போது இறுதி வேளை வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடட்டும் என்பது முஸ்னது அகமதில் இடம்பெறும் நபிமொழி. இறுதி நாளை முழுமையாக நம்பியவர்களின் சொற்கள் இவை. ஆகவே உங்கள் சித்தியின் நம்பிக்கையோடு நமக்குச் சண்டை இல்லை; கன்றைக் கீழே போட்டுவிட்டு வா என்று அவரிடம் சொல்கிற மனிதரோடுதான் நமக்கு வழக்கு.

அப்படிச் சொன்னவர்களின் வரலாறு நீளமானது. நியூயார்க் மாநிலத்து விவசாயியான வில்லியம் மில்லர், பைபிளின் தானியேல் நூலில் வரும் 2300 நாட்களை ஆண்டுகளாக எடுத்துக்கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843ஐ ஒட்டிக் கிறிஸ்து திரும்புவார் என்று பரப்பினார். அந்தக் கெடு தவறியபோது, அவருடைய இயக்கத்தில் இருந்த ஒருவர் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டார்கள். நள்ளிரவு வரை காத்திருந்து, பிறகு விடியும்வரை அழுததாக அவர்களில் ஒருவரான ஹைரம் எட்சன் எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்க வரலாற்றில் அதற்குப் பெரும் ஏமாற்றம் என்றே பெயர். சிலர் தேதி சரிதான், நிகழ்வு பரலோகத்தில் நடந்தது என்று விளக்கம் கண்டார்கள். அதிலிருந்து வளர்ந்து 1863இல் அமைப்பாகத் திரண்ட ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை, இன்று தேதி எதுவும் குறிப்பதில்லை. பல நாடுகளில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்துகிறது.

ஆனால் தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களுக்கு அப்படி மீண்டெழும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 1856இல் கடலோரத்தில் ஓர் ஆற்று முகத்துவாரத்தின் அருகே, பதினைந்து வயது மதிக்கத்தக்க நோங்கவுசே என்ற பெண், இறந்துபோன முன்னோர் தன்னிடம் பேசியதாகத் தன் மாமன் ம்லகாசாவிடம் சொன்னாள். இருக்கும் மாடுகளையெல்லாம் கொன்றுவிட வேண்டும். குதிர்களில் உள்ள தானியத்தை அழித்துவிட வேண்டும். புதிதாக விதைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் முன்னோர் உயிர்த்தெழுவார்கள், நோயற்ற புதிய மாடுகள் வரும், வெள்ளையர் கடலுக்குள் துரத்தப்படுவார்கள். இதைக் கேட்டு மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவதை நான் என் வகுப்பில் அனுமதிப்பதில்லை. அந்த மக்கள் 1853இல்தான் ஆங்கிலேயரிடம் மற்றொரு போரில் தோற்று நிலங்களை இழந்திருந்தார்கள். அதே ஆண்டு டச்சுக் கப்பலில் வந்திறங்கிய காளைகளோடு நுரையீரலைத் தாக்கும் தொற்று ஒன்றும் வந்து, மாடுகள் மூச்சுத் திணறிச் சாகத் தொடங்கின. பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசமும் பாலும் வழிபாடும் மாட்டைச் சுற்றியே அமைந்த சமூகத்தில், நோய்கண்டு எப்படியும் சாகப்போகும் மாடுகளைக் கொன்றுவிடு என்ற குரல் காதில் விழுவது இயல்பானது. போதாக்குறைக்கு, தங்களோடு போரிட்ட முன்னாள் ஆளுநர் கேத்கார்ட் கிரிமியப் போரில் கொல்லப்பட்டார் என்ற செய்தி எட்டியபோது, அவரைக் கொன்ற ரஷ்யர்கள் தங்கள் முன்னோரே என்றும், அவர்கள் உதவிக்கு வருகிறார்கள் என்றும் பலர் நம்பினார்கள்.

அரசர் சர்கிலியே தம் மந்தையைக் கொல்ல ஆணையிட்டார். வரப்போகும் தானியத்துக்காகப் புதிய குழிகள் தோண்டப்பட்டன. வரப்போகும் மாடுகளுக்காகப் பட்டிகள் அகலமாக்கப்பட்டன. முதலில் சொன்ன நாள் பொய்த்தது. மாட்டைக் கொல்லாமல் வைத்திருக்கும் அவநம்பிக்கைக்காரர்களே அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. ஊருக்குள் அண்ணனும் தம்பியும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கடைசியாக 1857 பிப்ரவரி 18 என்று குறித்தார்கள். அன்று சூரியன் வழக்கம்போல் எழுந்து வழக்கம்போல் மறைந்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் மாடுகள் கொல்லப்பட்டன என்றும், சுமார் 40,000 பேர் பட்டினியால் இறந்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். ஆளுநர் ஜார்ஜ் கிரே அந்தப் பஞ்சத்தைப் பயன்படுத்திக்கொண்டு, உயிர் பிழைக்க வந்தவர்களைக் கூலிகளாக வெள்ளையர் பண்ணைகளுக்கு அனுப்பினார். காலியான நிலத்தில் குடியேற்றம் நடந்தது. தேதி பொய்த்த பிறகு அந்த நம்பிக்கையாளர்களுக்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது.

இதற்கு நேர்மாறான ஓர் அச்சம் நம் நாட்டிலேயே நடந்தது. 1962 பிப்ரவரியில் சூரியன், சந்திரன், ஐந்து கோள்கள், கேது என எட்டும் மகர ராசியில் சேர்ந்தபோது, அஷ்டகிரகச் சேர்க்கையால் பேரழிவு வரும் என்று நாடெங்கும் யாகங்களும் கூட்டுப் பிரார்த்தனைகளும் நடந்தன. என் தாயார் அப்போது சிறுமி. பெரியவர்கள் அந்த நாட்களில் குழந்தைகளை வீட்டைவிட்டு வெளியே அனுப்பவில்லை என்றும், கோயிலில் இரவெல்லாம் பஜனை நடந்தது என்றும் சொல்வார். பயந்தார்கள், வேண்டிக்கொண்டார்கள், பிறகு வயலுக்குப் போனார்கள். உழவு மாட்டை விற்றுவிடு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதால், அந்தப் பயம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது.

இனி உங்கள் சித்தியைப் பற்றி. உலகம் அழியுமா, அழியாதா என்று அவரிடம் வாதாட வேண்டாம். அந்த வாதத்தில் நீங்கள் அவிசுவாசியாகவும் அவர் சோதனைக்கு உள்ளானவராகவும் மாறிவிடுவீர்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை அவரோடு உட்கார்ந்து முழுவதும் வாசியுங்கள், மூன்றே அதிகாரங்கள்தான். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சால் கலங்கிப்போன ஒரு சபைக்கு, கலங்காதீர்கள் என்றும், உங்களில் சிலர் வேலை செய்யாமல் திரிவதாகக் கேள்விப்படுகிறோம், அமைதியாகத் தங்கள் வேலையைச் செய்து தங்கள் சொந்த உணவைச் சாப்பிடட்டும் என்றும் எழுதப்பட்ட கடிதம் அது. என் சொல்லைவிடவும் உங்கள் சொல்லைவிடவும் அவர் மதிக்கும் சொல் அதுவே. 2011 மே 21 என்று தேதி குறித்து, விளம்பரப் பலகைகள் வைத்து உலகெங்கும் பரப்பிய அமெரிக்க வானொலிப் போதகர் ஹரால்டு கேம்பிங், மறு ஆண்டே தேதி குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார் என்பதையும் பொறுமையாகச் சொல்லலாம்.

அப்படியும் மனம் மாறாவிட்டால், வேலையை விடுவதற்குப் பதிலாக அந்தத் தேதியை ஒட்டிச் சில நாட்கள் விடுப்பு எடுத்து ஜெபத்தில் இருக்கச் சொல்லுங்கள். வருங்கால வைப்பு நிதியை எடுப்பது, நகையைக் காணிக்கையாகக் கொடுப்பது, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடுவது ஆகிய எதுவானாலும் அந்த நாளுக்கு மறுநாள் செய்யலாம் என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி கடந்த பிறகான வாரத்தில் அவரைத் தனியாக விடாதீர்கள். நான் அன்றைக்கே சொன்னேனே என்ற பேச்சை வீட்டில் ஒருவரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் அதே போதகரிடம் திரும்பிப் போய் அடுத்த தேதியை வாங்கி வருகிறார்கள்.